ஹெட்லைட் ஏரிகள்: பதிவேட்டில் ஏறாத நீர்நிலைகள் பற்றி ஓர் ஆய்வு

சென்னைக்கு மேற்கே ஏரிக்குப் பஞ்சமில்லை. அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு என்று வரிசையாக இருக்கின்றன. பூந்தமல்லியைத் தாண்டினால் 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவுமாகச் செம்பரம்பாக்கம் படுத்துக் கிடக்கிறது. எதற்கு எத்தனை மதகு, எங்கே கலங்கல், எந்த ஏரி நிரம்பினால் உபரி நீர் எங்கே போகும் என்பதற்கெல்லாம் அரசிடம் கணக்கு உண்டு. ஐப்பசியில் அடைமழை பிடித்ததும் இதே ஊர்த் தெருக்களில் ஜோடி ஜோடியாக நிரம்பும் ஒரு நீர்நிலைக்கு மட்டும் கணக்கே இல்லை. அது கார் ஹெட்லைட். அந்தக் குறையை ஓரளவு போக்குவதே இந்த ஆய்வின் நோக்கம்.

முதலில் கொள்ளளவு. நடுத்தரக் கார் ஒன்றின் ஹெட்லைட் கூட்டுக்குள் 10 லிட்டர் காற்று இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். 25 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 23 கிராம் நீராவியைத் தாங்கும்; 20 டிகிரிக்கு இறங்கினால் 17 கிராம் சொச்சம்தான். ஆக, ஈரம் முற்றிய 10 லிட்டர் காற்று விடியற்காலையில் ஐந்து டிகிரி குளிர்ந்தால், அது இறக்கிவைக்க வேண்டிய நீரின் எடை 0.057 கிராம். ஆஸ்பத்திரி டிரிப்ஸ் கணக்கில் 20 சொட்டு ஒரு மில்லி. எனவே இது ஒரு சொட்டும் துளியூண்டும். காலையில் பேப்பர் எடுக்க வந்த வீட்டுக்காரர் லென்ஸ் முழுக்க வெளுத்திருப்பதைப் பார்த்துப் பதறி சர்வீஸ் சென்டருக்குப் போன் போடுவது இந்த ஒரு சொட்டுக்காகத்தான். மழைக்கும் வாட்டர் வாஷுக்கும் பிறகு உள்ளே லேசாகப் பனி படிவது இயல்பு என்று பல கார்களின் கையேட்டிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். கையேடோ டேஷ்போர்டுக்குள் பிளாஸ்டிக் உறை பிரியாமல் பத்திரமாக இருக்கிறது.

ஆனால் அடியில் அரை டம்ளர் தண்ணீர் தளும்பினால் கதை வேறு. அரை டம்ளர் என்பது 100 மில்லி, அதாவது 2,000 சொட்டு. இரவுக்கு ஒரு சொட்டு வீதம் சேர ஐந்தரை ஆண்டு பிடிக்கும். அதுவும் நடுவில் ஒரு நாள்கூட வெயில் அடித்து உலர்ந்துவிடக் கூடாது. ஆவடியில் வெயிலே அடிக்காத ஐந்தரை ஆண்டு என்று சொன்னால் ஆவடிக்காரரே சிரிப்பார். ஆகவே தளும்புவது பனியல்ல. கூட்டில் எங்கோ விரிசல், அல்லது பின்பக்க மூடியை யாரோ கழற்றிவிட்டுச் சரியாகப் போடவில்லை. “எல்லாம் கிளைமேட் சார்” என்று கைவிரிக்கும் சர்வீஸ் ஆலோசகரிடம் இந்தக் கணக்கை எழுதிக் கொடுக்கலாம்.

அடுத்து, பருவம். தொல்காப்பியம் பெரும்பொழுதை ஆறாகப் பிரித்தது. ஹெட்லைட்டுக்கு அதில் இரண்டு போதும். கூதிரில், அதாவது ஐப்பசி கார்த்திகையில், காற்றே நனைந்திருக்கும். முன்பனியில் வானம் தெளிந்துவிடும், ஆனால் பொருள்கள் தங்கள் சூட்டை அந்த வெட்டவெளிக்கு வீசிவிட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். இதை ஒழுங்காக நிறுவியவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற லண்டன் மருத்துவர். எடைபோட்ட கம்பளிப் பஞ்சை ஒரு பலகையின் மேலும் கீழும் வைத்து, இரவு முழுக்கப் பனியில் விட்டு, மறுபடி எடைபோட்டார். மேலே வைத்ததில்தான் அதிக ஈரம். 1814-ல் அதைப் புத்தகமாகவும் போட்டார்.

வெல்ஸின் சோதனையை அம்பத்தூரில் தினமும் இலவசமாக நடத்துகிறார்கள். வீட்டு வாசலில் காரை நிறுத்தும்போது ஒரு பக்கம் மாடி பால்கனிக்கு அடியிலும் மறுபக்கம் தெருவை நோக்கி வானத்தைப் பார்த்தும் நிற்கும். மார்கழி விடியலில் தெருப்பக்க விளக்கில் மட்டும் பனி. உடனே “ரைட் சைடு லைட்டு போச்சு” என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். மறுநாள் காரைத் திருப்பி நிறுத்திப் பார்த்தால் குற்றவாளி இடப்பக்கம் மாறியிருப்பார்.

இனி, இந்தத் துறையின் பெரிய சச்சரவு. மெக்கானிக் மரபில் ஒரு பிரிவு அடைப்பு வாதிகளுடையது. “சுத்தி சிலிகான் அடிச்சு விட்டா ஒரு சொட்டு இறங்காது சார்” என்பது அவர்களின் மூல வாக்கியம். அவர்களுக்கு முன்னோடிகளும் உண்டு. அமெரிக்காவில் 1940 முதல் 1983 வரை சட்டமே சீல்டு பீம் விளக்குக்குத்தான் இடம் கொடுத்தது. கண்ணாடி, பிரதிபலிப்பான், இழை மூன்றையும் ஒன்றாக உருக்கி மூடிய விளக்கு அது. பனிக்கு அங்கே வேலையே இல்லை. பல்பு போனால் மொத்தமாகத் தூக்கிப் போட வேண்டும், அவ்வளவுதான்.

இன்றைய ஹெட்லைட் அந்தச் சாதி இல்லை. பாலிகார்பனேட் லென்ஸ், பின்னால் பிளாஸ்டிக் கூடு, பல்பு மாற்ற ஒரு மூடி. விளக்கு எரிந்து உள்காற்று 30 டிகிரியிலிருந்து 60-க்குப் போனால் பத்தில் ஒரு பங்கு விரியும். 10 லிட்டரில் ஒரு லிட்டர் வெளியேறியாக வேண்டும். அணைத்ததும் அதே ஒரு லிட்டரை உள்ளே இழுத்துக்கொள்ளும். இதற்காகவே கூட்டின் பின்புறம் சுண்டுவிரல் பருமனில் ஒரு வளைந்த ரப்பர் குழாயோ, வட்டமாக ஒட்டிய சவ்வோ இருக்கும். சவ்வு பெரும்பாலும் பாப் கோர் 1969-ல் கண்டுபிடித்த, இழுத்து விரித்த டெஃப்ளான் வகை. காற்றையும் ஆவியையும் விடும், தண்ணீரை விடாது. அடைப்பு வாதி சிலிகான் ட்யூபோடு வரும்போது முதலில் பூசி மூடுவது இந்தத் துவாரத்தைத்தான். கலங்கலை அடைத்துவிட்டுக் கரை ஏன் கசிகிறது என்று கேட்கிற ஏரிப் பராமரிப்பு இது. வெளியேற வழியில்லாத காற்று பலவீனமான இணைப்பை நெம்பிக்கொண்டு வெளியேறும். திரும்பும்போது அதே வழியாக ஈரத்தோடு வரும்.

மூச்சுக் குழாயின் அருமை தெரிய வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவான டி-72 பீரங்கி வண்டி ஐந்து மீட்டர் ஆழத் தண்ணீருக்குள் இறங்கிக் கடக்கும். ஊரெல்லாம் சிலிகான் பூசி அல்ல. தலைக்கு மேல் ஒரு நீண்ட குழாயை நிமிர்த்திவைத்து, அதன் வழியே மூச்சு விட்டுக்கொண்டு. ஹெட்லைட்டுமே இங்கே அந்நியப் பொருள் இல்லை. பாடியில் பஸ் நிறுத்தத்துக்கே பெயர் கொடுத்த லூகாஸ் டிவிஎஸ், ஜப்பானின் கொய்டோவோடு சேர்ந்து 1996-ல் தொடங்கிய இந்தியா ஜப்பான் லைட்டிங், பூந்தமல்லியிலிருந்து திருவள்ளூர் போகும் சாலையில் புதுச்சத்திரத்தில் இருக்கிறது.

எல்இடி வந்த பிறகு சிக்கல் ஒரு படி ஏறியது. பழைய ஹாலஜன் 55, 60 வாட்டில் எரிந்து முன்னால் இருக்கும் லென்ஸையும் காய்ச்சிவிடும். எல்இடியின் சூடோ பின்பக்கத் தகடு வழியாகப் போய்விடுகிறது. லென்ஸ் குளிர்ந்தபடியே இருக்கும். ஹாலஜன் கூட்டில் எல்இடி பல்பை மாட்டுகிறவர் கதை இன்னும் மோசம். பல்பின் வாலில் இருக்கும் குட்டி ஃபேன் இடிக்கிறதென்று பின்பக்க ரப்பர் மூடியை பிளேடால் அறுத்துவிடுவார்கள். ஏரிக்குக் கரையே இல்லை என்றாகிவிடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளத்தை நிறுத்தியதே, அதுபோன்ற நாளில் சூடான விளக்கோடு முட்டளவு தண்ணீரில் இறங்கும் கார், உள்காற்று சட்டென்று சுருங்குவதால் மூச்சுக் குழாய் வழியாகவே தண்ணீரை உறிஞ்சும். அதற்குப் பின்பக்க மூடியைக் கழற்றி, வெயிலில் நிறுத்தி, லோ பீமை அரைமணி எரியவிடுவதே முதல் வைத்தியம். ஷூ டப்பாவிலிருந்து எடுத்த சிலிக்கா ஜெல் பொட்டலம் சில சொட்டுகளோடு நிரம்பிவிடும். ஹாலஜன் பல்பின் மேல் விழுந்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். அடியில் மூன்று மில்லிமீட்டர் ஓட்டை போடும் மரபும் உண்டு. தண்ணீர் வடியும், அதே வாசல் வழியாகப் புழுதியும் எறும்பும் குடியேறும்.

பின்விளக்கும் ஸ்கூட்டர் மீட்டரும் இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. ஆனாலும் ஸ்கூட்டர் மீட்டரில் படியும் பனி தனி ஆய்வுக்கு உரியது. பெட்ரோல் முள்ளை விட்டுவிட்டு, வண்டியை விற்கிற வாரத்தில் கிலோமீட்டர் எண்ணின் மேல் மட்டும் அது படிவதற்கு வெல்ஸிடம் விளக்கம் இல்லை.