அரைக் கோஸும் ஃப்ரீசரும்

முட்டைக்கோஸை ஃப்ரீசரில் போடச் சொல்கிறார்கள். இந்த மாதம் கைபேசியைத் திறந்தாலே இதுதான். பளபளக்கும் சமையல் மேடை, பின்னணியில் கிட்டார், மெலிதாக நறுக்கிய கோஸை ஜிப் பைகளில் தட்டையாக அடைத்து, அலமாரியில் புத்தகம் அடுக்குவது போல் நிறுத்தி வைத்துவிட்டு, “இனி ஆறு மாசத்துக்குக் கவலையே இல்லை” என்று ஒரு புன்னகை. முட்டைக்கோஸை நினைத்து ஆறு மாதம் கவலைப்பட்ட ஆளை யாராவது பார்த்திருக்கிறீர்களா? குழந்தையின் ஃபீஸ், வீட்டு வாடகை, முழங்கால் வலி என்று உலகத்தில் கவலைக்கா பஞ்சம்? எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுவதென்று உட்கார்ந்திருக்கிறேன். என் கட்சி இதுதான்: கோஸ், தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்த காய். உறையவைத்தால்தான் அது கெடும்.

முதல் சாட்சி தண்ணீர். கோஸில் 100-க்கு 92 பங்கு தண்ணீர். அது உறையும்போது ஊசி ஊசியாகப் பனிப்படிகம் கட்டி இலையின் செல் சுவர்களைக் கிழித்துவிடும். குளிர் மெதுவாக ஏற ஏறப் படிகம் பெரிதாகும், கிழிசலும் பெரிதாகும். தொழிற்சாலைகளில் மைனஸ் 30, 40 டிகிரிக் காற்றை அடித்து நிமிடக் கணக்கில் உறையவைப்பதால்தான் பாக்கெட் பட்டாணி உருண்டையாகவே இருக்கிறது. வீட்டு ஃப்ரீசரோ அதே வேலையை ராத்திரி பூராவும் செய்யும். “எங்கள் ஃப்ரிட்ஜ் ஐந்து நட்சத்திரமாக்கும்” என்று ஒருவர் கிளம்புவார். ஐயா, நம் நாட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் நட்சத்திரம் கரண்ட் சிக்கனத்துக்கானது. ஃப்ரீசரின் குளிருக்கு வேறொரு நட்சத்திரக் கணக்கு உண்டு. ஒன்று என்றால் மைனஸ் 6, இரண்டு என்றால் மைனஸ் 12, மூன்று என்றால் மைனஸ் 18. காய்கறியை மாதக்கணக்கில் வைக்க அந்த 18 வேண்டும். நடுவில் பொத்தானை அமுக்கிப் பனி உருக்கும் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ், சித்திரை வெயிலில், நாளுக்கு முப்பது தடவை திறக்கப்படும் வீட்டில், அந்த 18-ஐ எட்டிப் பிடிக்குமா என்று அதனிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நடுவில் கரண்ட் போனால் உருகும், வந்தால் மறுபடி உறையும், கிழிந்தது இன்னொரு தரம் கிழியும்.

அடுத்த சாட்சிக்குச் சத்தியவேட்டை எடுத்துக்கொள்வோம். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி எல்லை மாற்றத்தில் செங்கல்பட்டு மாவட்டத்தை விட்டு ஆந்திராவுக்குப் போன ஊர். 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டத்தை விட்டுத் திருப்பதி மாவட்டத்துக்குப் போன ஊர். மாநிலமும் மாவட்டமும் மாறினாலும் கோஸ் பொரியலுக்குக் கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், தேங்காய்த் துருவல் என்ற சட்டத்தில் திருத்தம் வரவில்லை. பக்கத்துத் தெலுங்கு வீட்டில் ஒரு பிடி பாசிப்பருப்பு கூடும், அவ்வளவுதான். சுற்றுவட்டாரத்தில் நெல்லும் வேர்க்கடலையும் மாங்காயும் பார்க்கலாம். கோஸ் குளுமை கேட்கும் பயிர் என்பதால் பெரும்பாலும் பலமநேர், குப்பம், கோலார், ஓசூர் மாதிரி மேட்டுப் பக்கங்களிலிருந்து மூட்டையில் வருகிறது. லாரியில் ஐஸ் கிடையாது, ஏசி கிடையாது. வெயிலில் ஏறி, வெயிலில் இறங்கி, கடைக்காரர் மேலிலை இரண்டை உரித்துப் போட்டால் உள்ளே மொறுமொறுவென்று சிரிக்கிறது. இப்பேர்ப்பட்ட காயை, வீட்டுக்குள் வந்தபிறகு நாம் காப்பாற்றப் போகிறோமாம்! ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் முழுசாக வைத்தால் சில வாரம் அசையாது கிடக்கும். ஊருக்குப் பக்கத்து ஸ்ரீசிட்டியில் டைக்கினும் ப்ளூ ஸ்டாரும் ஏசி செய்கின்றன, ஃப்ரிட்ஜ் ஆலைக்கு எல்ஜி 2025 மே மாதம் அடிக்கல் நாட்டியிருக்கிறது. குளிருக்கு இங்கே இனி குறைவில்லை. குளிர் இருக்கிறதே என்பதற்காகக் கையில் கிடைத்ததையெல்லாம் அதற்குள் தள்ளுவதா?

“ஷிஃப்டுக்குப் போகிற வீட்டில் நேரம் மிச்சமாகுமே” என்பது அடுத்த ஆட்சேபம். நியாயமாகத்தான் தோன்றும், செய்முறையை முழுக்கப் படிக்கும்வரை. கோஸை நறுக்கவேண்டும். கொதிக்கும் தண்ணீரில் ஒன்றரை நிமிடம் போட்டு எடுக்கவேண்டும். இல்லையென்றால் உள்ளிருக்கும் நொதிகள் ஃப்ரீசருக்குள்ளும் மெல்ல வேலை பார்த்து நிறத்தையும் ருசியையும் கெடுக்கும். உடனே ஐஸ் தண்ணீரில் முக்கவேண்டும். சத்தியவேட்டு மே மாதத்தில் மாடித் தொட்டித் தண்ணீரே பாதி வெந்த தண்ணீர். ஆகவே ஐஸ் வேண்டும். ஐஸ் எங்கே இருக்கிறது? ஃப்ரீசரில். கோஸ் எங்கே போகவேண்டும்? அதே ஃப்ரீசருக்கு. ஐஸ் தட்டைக் காலிசெய்து கோஸைக் குளிரவைத்து, அந்தக் காலி இடத்தில் கோஸை வைத்தபின், மோருக்கு ஐஸ் எங்கே என்று வீட்டில் கேட்டால் பதில் சொல்லவேண்டும். பிறகு தண்ணீரை வடிக்கவேண்டும், துணியில் ஒற்றவேண்டும், பையில் அடைக்கவேண்டும், காற்றைப் பிதுக்கவேண்டும். இத்தனை நேரத்தில் அதே கோஸில் பொரியல் செய்து, சாப்பிட்டு, பாத்திரமும் கழுவிக் கவிழ்த்திருக்கலாம்.

உண்மையான வில்லன் யாரென்றால் அரைக் கோஸ். கோஸ் ஒன்று கிலோவுக்குக் குறைவது அபூர்வம். நாலு பேர் வீட்டுப் பொரியல் அரைக் கிலோவில் முடிந்துவிடும். மிச்சப் பாதி பாலிதீன் கவருக்குள் போகிறது. மறுநாள் வெண்டைக்காய், ஏனென்றால் நேற்றுத்தான் கோஸ். அதற்கு மறுநாள் கீரை, ஏனென்றால் கீரை நிற்காது, கோஸ் நிற்கும். அதற்கடுத்த நாள் ரசமும் அப்பளமும், ஏனென்றால் யாருக்கும் நறுக்கத் தெம்பில்லை. இதற்கிடையே பால் பாக்கெட்டை எடுப்பவர் எல்லோரும் அரைக் கோஸைத் தள்ளிவிட்டுத்தான் எடுக்கிறார்கள். “கோஸ் இருக்கே” என்று யாராவது சொன்னால், “இப்பதானே செஞ்சோம்” என்று பதில் வரும். அந்த ‘இப்ப’வுக்கு ஐந்து நாள் ஆகியிருக்கும். வெட்டிய பக்கம் கருக்கிறது. கருத்ததைச் சீவி எறிகிறோம், மறுபடி கருக்கிறது, மறுபடி சீவுகிறோம். யாரும் ஒரு வாய் தின்னாமலே அரைக் கோஸ் கால் கோஸாகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை கறி. திங்கட்கிழமை மலிவாகக் கிடைத்ததென்று முழுக் கோஸ் ஒன்று வந்து சேருகிறது, ஆக ஒன்றேகால். “பாதி வெட்டிக் கொடுங்க” என்று கடைக்காரரிடம் கேட்கலாம்தான். அவர் பார்வையிலேயே தெரியும், வெட்டினால் மிச்சப் பாதி அவர் தலையில் கருக்கும் என்பது. நம் வீடுகளில் வெஜிடபிள் ஃப்ரைடு ரைஸ் இவ்வளவு வேகமாகப் பரவியது சீனத்து மோகத்தாலா, அரைக் கோஸாலா என்று யாரும் ஆராய்ந்திருக்க மாட்டார்கள். என் ஓட்டு அரைக் கோஸுக்கு. நூடுல்ஸில் அது, போண்டாவில் அது, அடைமாவில் அது, வாசலில் வந்து நிற்கும் மாட்டின் வாயிலும் அது. இப்படி எங்கும் ஒளிக்க முடியாமல் தவிக்கும் மனசாட்சிக்குத்தான் ஃப்ரீசர் வழி காட்டுகிறது: கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டால் வீணாக்கவில்லை என்று கணக்கு. அரைக் கோஸை ஒழிக்க உருப்படியான வழி ஒன்று உண்டு. அதை அப்புறம் சொல்கிறேன்.

“வெள்ளைக்காரர்கள் செய்கிறார்களே” என்பவர்களுக்கு: அமெரிக்காவின் வீட்டுப் பதப்படுத்தல் வழிகாட்டிகளே, உறைந்த கோஸ் சமைக்க மட்டும்தான் ஆகும், பச்சையாகத் தின்ன ஆகாது என்று எழுதிவைத்திருக்கின்றன. போலந்துப் பக்கம் கறியும் அரிசியும் வைத்துக் கோஸ் இலையில் சுருட்டுகிறவர்கள் சிலர், முழுக் கோஸை உறையவைத்து உருக்குவதுண்டு. எதற்கு? இலை துவண்டு போகவேண்டும், சுருட்டினால் ஒடியக்கூடாது என்பதற்கு. ஆக, விவரம் தெரிந்தவர்கள் கோஸின் முறுக்கை உடைக்கத்தான் உறையவைக்கிறார்கள். இன்னும் பாருங்கள்: வாசலைத் திறந்தால் பனி கிடக்கிற நாடுகள் ஜெர்மனி, ரஷ்யா, கொரியா. செலவில்லாத ஃப்ரீசர் கொல்லையிலேயே இருந்தும், காலங்காலமாகக் கோஸை உப்புப் போட்டுப் புளிக்கவைத்துத்தான் குளிர்காலத்தை ஓட்டினார்கள். 1768-இல் கேப்டன் குக் கப்பலேறியபோதும் பீப்பாயில் போனது புளித்த கோஸ்தான். கொரியர்கள் கிம்ச்சி ஜாடியை மண்ணில் புதைத்ததற்கு ஒரு காரணம், அது உறைந்துவிடக் கூடாது என்பது. அந்தக் கிம்ச்சி போடும் வழக்கத்தை 2013-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. பனியிலேயே வாழ்ந்தவன் பனிக்குக் காட்டாத காயை, நாற்பது டிகிரியில் இருக்கிறவன் உறையவைக்கிறான்.

கூட்டுக்கும் குருமாவுக்கும் உறைந்த கோஸ் ஆகும், ஒப்புக்கொள்கிறேன். அவை எப்படியும் குழையப் போகிறவை. பொரியலுக்கு ஆகாது. வாணலியில் போட்டதும் கிழிந்த செல்லிலிருந்து தண்ணீர் கசிந்து, கடுகும் உளுத்தம்பருப்பும் அதில் மிதக்கும். தண்ணீர் வற்றும்வரை வேகவிட்டால் கந்தக வாடை கிளம்பித் தெருவுக்கே சேதி சொல்லும். விலை சரியும்போது வாங்கிப் பதுக்கலாம் என்பது கடைசி ஆட்சேபம். கோஸ் விலை படுத்தால் விவசாயி பறிகூலிக்குக் கட்டாமல் வயலிலேயே மாட்டுக்கு விடுகிறார். அந்த விலையில் நமக்கு மிச்சமாவது டீக்காசு. விலை ஏறும் கோடையில் கத்தரியும் பீர்க்கங்காயும் எங்கே போய்விட்டன? பை மேல் தேதி எழுதி ஒட்டச் சொல்கிறார்கள். பனி ஈரத்தில் எழுத்து அழிந்துவிடும், உள்ளே வெள்ளையாக ஒரு துருவல் தெரியும், பக்கத்துப் பையில் தேங்காய்த் துருவலும் வெள்ளையாகவே தெரியும். காலை அவசரத்தில் எது மிக்ஸிக்குப் போகும் என்று சொல்லவேண்டியதில்லை. கோஸ் பச்சடி ஆந்திராவில் உள்ளதுதானே என்று சமாளிக்கப் பார்க்காதீர்கள். அதற்குக் கோஸை எண்ணெயில் ஈரம் போக வதக்கி, பச்சைமிளகாயும் புளியும் வறுத்த பருப்பும் வைத்து அரைத்து, கடுகு தாளிக்கவேண்டும். சுடுசோற்றில் நெய் ஊற்றிப் பிசைந்தால் நாலு பேருக்கு இரண்டு நாள் ஓடும். அரைக் கோஸ் தாராளம்.