காலுக்கு வந்த காதல்

குமணன்சாவடி நகைக்கடையில் காதலிக்குக் கொலுசு கேட்கும் பையன் முதலில் பார்ப்பது டிசைனை அல்ல, அன்றைய வெள்ளி விலையை. முத்து வேண்டாம் என்கிறான்; சத்தம் கேட்டால் அவள் வீட்டில் மாட்டிக்கொள்வாளாம். திருகாணியைத் திருகிப் பார்த்து, தராசில் வைத்து, செய்கூலி சேர்த்துச் சொன்னதும் காதல் மெல்லிய செயினுக்கு இறங்கிவிடுகிறது.

அந்தக் கால ஐரோப்பியக் காதலனுக்குச் செய்கூலிக் கவலை குறைவு. காலுறை நழுவாமல் முழங்காலருகே கட்டும் கார்ட்டர் பட்டையில் காதல் வாசகம் பொறித்துக் கொடுத்தால் போதும். கல்யாணத்தில் மணமகளின் பட்டைக்கு இளவட்டங்கள் முட்டி மோதியதும் உண்டு. இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்டோ 1348 வாக்கில் அதன் பெயரில் ஓர் உயர் விருதையே நிறுவினார். நடனத்தில் ஒரு சீமாட்டியின் பட்டை நழுவ, மன்னர் எடுத்துத் தன் காலில் கட்டிக்கொண்டார் என்பது பின்னால் கிளம்பிய கதை. விருது இன்றும் இருக்கிறது.

அங்கே கால்பட்டை பட்டம் தந்தது. இங்கே சிலப்பதிகாரத்தில் ஒற்றைச் சிலம்பால் பாண்டியன் உயிரே போனது, மதுரை எரிந்தது. அதன்பிறகு நாம் தெளிந்துவிட்டோம். பதவி வேண்டுமென்றால் நேராகக் காலிலேயே விழுந்துவிடுகிறோம்.

தம்பி, கொலுசு வாங்கு, தப்பில்லை. பில்லை மட்டும் பத்திரமாக வை. கோவலனிடம் அது இல்லாததுதான் வினை.