கம்பி தரும் குளிர்

கேள்வி: இழுத்துவிட்டால் குளிருகிற உலோகம் வந்திருக்கிறதாம். கதையா, நிசமா?
– நிந்தவூர் வாசகர்

பதில்: நிசம்தான் காக்கா. அகலமான றப்பர் பட்டியைச் சட்டென்று இழுத்து மேலுதட்டில் வையுங்கள், சூடு தெரியும். இழுத்தபடியே கொஞ்ச நேரம் பிடித்து, பிறகு தளர்த்தி வையுங்கள், குளிரும். ஜோன் கஃப் என்ற பார்வையற்ற ஆங்கிலேயர் 1805 இலேயே இதை எழுதிவிட்டார். நிக்கலும் டைட்டேனியமும் கலந்த நிட்டினோலில் காரணம் வேறு, விளைவு அதேதான். இழுத்தால் உள்ளே அணுக்களின் அடுக்கு மாறிச் சூட்டை வெளியே தள்ளும். விட்டால் பழைய அடுக்குக்குத் திரும்பி, சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சும். நல்ல கம்பி 20 பாகை வரை குளிர்ந்துவிடும்.

கேள்வி: அந்தக் கம்பியை எங்கே பார்க்கலாம்?
– கல்முனை

பதில்: பல்லுக்குக் கம்பி கட்டிய பிள்ளையின் வாயில்.

கேள்வி: ஆழ்கடலுக்குப் படகு விடுகிறேன். இந்தக் கம்பி இருந்தால் ஐஸ் காசு மிஞ்சுமா?
– ஒலுவில்

பதில்: கணக்குப் பார்ப்போம் முதலாளி. 1 கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோயூல் சூட்டை எடுக்கும். 1 கிலோ நிட்டினோல் ஒரு இழுவைக்கு எடுப்பது சுமார் 12. ஐஸ் உருகினால் தண்ணீர். கம்பியைத் திரும்பத் திரும்ப இழுக்கலாம். 28 இழுவையில் ஐஸை எட்டிப் பிடிக்கும், கடதாசியில். ஹொங்கொங் விஞ்ஞான தொழினுட்பப் பல்கலைக்கழகத்தார் 2025 இல் 1,284 வாட் குளிரூட்டலைக் காட்டினார்கள். மணிக்கு ஏறக்குறைய 14 கிலோ ஐஸ் உருகுவதற்குச் சமம். ஆனால் குளிர்ப் பக்கமும் சூட்டுப் பக்கமும் ஒரே வெப்பநிலையில் இருக்கும்போது அளந்தது அது. வெளியே 32 பாகை, பெட்டிக்குள் 0 என்றால் அந்தத் தொகை சரிந்துவிடும். கம்பியை இழுக்க நடுக்கடலில் கரண்டும் வேண்டும். ஐஸ் காசை எடுத்தே வையுங்கள்.

கேள்வி: ஃப்ரிட்ஜ் நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்கு இந்த வேலை?
– சாய்ந்தமருது

பதில்: அதன் கேஸ் கசியும். ஆர்-134ஏ என்ற கேஸ் ஒரு கிலோ கசிந்தால், நூறு வருடக் கணக்கில் 1,430 கிலோ கரியமில வாயு பூமியைச் சூடாக்கும் அளவுக்குச் சூடாக்கும். உலோகம் எங்கே கசியப் போகிறது?

கேள்வி: பிறகேன் கடைக்கு வரவில்லை?
– அதே வாசகர் (விடமாட்டார் போலிருக்கிறது)

பதில்: கம்பி களைத்து அறும். செக்கனுக்கு ஒரு இழுவை என்றால் வருடத்துக்கு 3 கோடிக்கு மேல். டைட்டேனியம், நிக்கல், செம்பு கலந்த மெல்லேடு 1 கோடி தடவை தாங்கியதாக 2015 இல் ஜேர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தார் காட்டினார்கள். அதாவது நான்கு மாதம். அதுவும் மெல்லேடு, மீன் பெட்டியைக் குளிராக்காது.

கேள்வி: உப்புக் காற்றில் கறல் பிடிக்காதா?
– அட்டாளைச்சேனை

பதில்: கம்பிக்குப் பிடிக்காது. அதை இழுக்கிற மோட்டாருக்குப் பிடிக்கும்.

கேள்வி: ஒலுவில் துறைமுகத்தில் ஒன்றைப் பூட்டிப் பார்த்தால் என்ன?
– பாலமுனை

பதில்: டென்மார்க் கடனில் கட்டி 2013 இல் திறந்த துறைமுகம். வாயை மண் மூடுகிறது, வடக்கே கரையைக் கடல் தின்கிறது. படகு உள்ளே வரட்டும், மீனைக் குளிர வைப்பதைப் பிறகு பேசலாம்.

கேள்வி: இறுதியாண்டு ஆய்வுக்கு இதை எடுக்கலாமா?
– தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவி

பதில்: எடுங்கள் மகள். முதலில் ஒரு வெப்பமானியோடு போய், ஐஸ் பெட்டியில் மேல் மீனும் அடி மீனும் எத்தனை பாகை என்று அளந்து வாருங்கள். சூரை 4 பாகைக்கு மேல் நெடுநேரம் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நஞ்சு ஊறும். பொரித்தாலும் அது போகாது.