மாஸ்டரை மாற்றலாமா என்று கேட்ட மாப்ளைக்கு

ஷார்ஜா தொழில்பேட்டை,
வெள்ளிக்கிழமை, மத்தியானம்.

மாப்ளே,

வாட்ஸ்அப்பில் ஒரு கால் போட்டால் முடிகிற விஷயத்துக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். இந்த நாட்டில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், கால் பேச முடியாது. அதனால்தான் பொறுமையாக எழுதுகிறேன். நீயும் பொறுமையாகப் படி.

முதலில் ஊர் நிலவரம். ஷார்ஜா என்றதும் உனக்கு 1998-ல் புழுதிப் புயலுக்கு நடுவே சச்சின் அடித்த 143தான் ஞாபகம் வரும். நான் இருக்கும் ஷார்ஜாவில் புழுதி மட்டும் அப்படியே இருக்கிறது. இந்த எமிரேட்டின் அரசு அலுவலகங்களுக்கு 2022 முதல் வாரம் மூன்று நாள் லீவு. அந்தச் செய்தியை எங்கள் கம்பெனிக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. எங்களுக்கு வெள்ளி ஒரு நாள்தான். அதில் பாதி துணி துவைக்க, மீதி கரக் சாய் குடித்துக்கொண்டு பந்தாட்டத்தைப் பற்றிச் சண்டை போட.

இந்த வாரச் சண்டையே உன் வாய்ஸ் மெசேஜைப் பற்றித்தான். நம் கல்லூரி டீம் மண்டலப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டது, இத்தனை வருஷமாக இருக்கும் ஃபுட்பால் மாஸ்டரை அனுப்பிவிடலாமா என்று பழைய மாணவர் சங்கத்தில் பேச்சு என்றாய். அதை ஸ்பீக்கரில் போட்டது என் குற்றமில்லை. ரூமில் எல்லோருக்கும் காது இருக்கிறது. மேல் கட்டில் மலையாளி உடனே, "அனுப்பு" என்றார். அவர் எல்லா கோச்சையும் அனுப்பச் சொல்பவர். கீழ்க் கட்டில் திருநெல்வேலி அண்ணாச்சி, "வயசான மனுசன், இருந்துட்டுப் போகட்டும்" என்றார். இரண்டும் தீர்ப்பு இல்லை மாப்ளே. ஒன்று கோபம், இன்னொன்று இரக்கம்.

நான் சொல்ல வந்தது வேறு. இதே ஷார்ஜாவில் நம் நாட்டு கோச் ஒருவருக்குத் தீர்ப்பு எழுதப்பட்டது. 2019 ஜனவரி 14, ஆசியக் கோப்பை, பஹ்ரைனுடன் கடைசி லீக் ஆட்டம். டிரா செய்தாலே அடுத்த சுற்று. எட்டு நாள் முன்பு அபுதாபியில் தாய்லாந்தை 4-1 என்று அடித்திருந்தோம். ஆசியக் கோப்பையில் 1964-க்குப் பிறகு நமக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. சேத்ரி இரண்டு, மற்ற இரண்டும் அப்போது சென்னையின் எஃப்சி-க்கு ஆடிக்கொண்டிருந்த தாபாவும் ஜேஜேயும் போட்டவை. ஆக, பாதி வெற்றி நம்முடையது என்று இங்கே இன்றும் நான் வாதாடுகிறேன். மலையாளி ஒப்புக்கொள்வதில்லை.

பஹ்ரைன் ஆட்டத்தில் 90 நிமிடம் வரை கோல் இல்லை. அதைத் தாண்டியதும் அவர்களுக்குப் பெனால்டி. 1-0. அன்று ராத்திரியே கோச் ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் ராஜினாமா செய்துவிட்டார். நாலு வருஷ உழைப்பு ஒரு விசிலில் முடிந்தது. இங்கே ஃபோர்மேனைக்கூட ஒரு மாச நோட்டீஸ் கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள்.

அவரை எப்படி எடை போடுவது? 2015-ல் வந்தபோது உலகத் தரவரிசையில் நாம் 170-க்கும் கீழே. அந்த ஜூனில் குவாம் என்ற தீவிடம் 2-1 என்று தோற்றோம். அந்தத் தீவின் மொத்த ஜனத்தொகையே இரண்டு லட்சத்தைத் தொடாது. நம் பக்கத்துத் தாலுகாவைவிடச் சின்னது. அன்றைக்கே அவரை அனுப்பியிருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அனுப்பவில்லை. அவர் இளசுகளை உள்ளே கொண்டுவந்தார். நவம்பரில் அதே குவாமைப் பெங்களூரில் வென்றோம். 2017-ல் தரவரிசை 96. அதே வருஷம் மக்காவு அணியை 4-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி.

"தரவரிசை ஏறினால் போதுமா?" என்றார் மலையாளி. நியாயமான கேள்வி. அடுத்து வந்த ஸ்டிமாச்சும் 2023-ல் டீமை 99-க்குக் கொண்டுபோனார், தெற்காசியக் கோப்பையும் வாங்கினார். 2024 ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டம், மூன்று தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. மார்ச்சில் குவஹாத்தியில் ஆப்கானிஸ்தானிடம் தோல்வி. ஜூனில் அனுப்பிவிட்டார்கள். ஆக, நம்பரை மட்டும் நம்பினால் ஏமாறுவோம்.

பழைய கதைக்கு வா. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு ஆடி யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றோம். கோச், ஹைதராபாத் வாத்தியார் சையத் அப்துல் ரஹீம். பத்து கோல் வாங்கிய கோச்சை இன்றைக்கு விமான நிலையத்திலேயே வழியனுப்பிவிடுவார்கள். அவரை வைத்துக்கொண்டார்கள். பூட்ஸ் கட்டாயமாயிற்று, ஆடும் முறை மாறிற்று. 1956 மெல்போர்னில் நான்காவது இடம். 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம். கோல் கம்பங்களுக்கு நடுவே நம் பீட்டர் தங்கராஜ். 1963-ல் ரஹீம் புற்றுநோயில் இறந்தார். கால்பந்தில் ஆசியப் போட்டித் தங்கம் அதற்குப் பிறகு நமக்கு இல்லை.

அதனால் மாஸ்டர் எத்தனை வருஷமாக இருக்கிறார் என்று எண்ணாதே. போன மாசம் எத்தனை கோல் வாங்கினார் என்றும் எண்ணாதே. கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: பெரிசாகத் தோற்ற மறு வருஷம் மனுசன் என்ன மாற்றினார்? புதுப் பையன்களை இறக்கினாரா, பயிற்சியை மாற்றினாரா, தனக்குப் பின்னால் நிற்க ஒருவரைத் தயார் பண்ணினாரா? பழைய ஸ்கோர் புத்தகமும் பழைய டீம் போட்டோக்களும் கல்லூரி ஸ்போர்ட்ஸ் ரூமில்தானே கிடக்கின்றன, போய்ப் பார். தோல்விக்குத் தோல்வி ஏதாவது மாறியிருந்தால் இன்னும் மூன்று வருஷம் கொடுங்கள். என்ன எதிர்பார்க்கிறோம் என்பதை இப்போதே எழுதிக் கையில் கொடுங்கள். ஒன்றும் மாறவில்லை என்றால் சால்வை போட்டு மரியாதையாக அனுப்புங்கள். மண்டலப் போட்டி முடிந்த சூட்டில், சங்கக் கூட்டத்தில் கை தூக்கி முடிவெடுக்காதீர்கள்.

அடுத்த கூட்டத்தில் இதை வாசி. பூட்ஸ் வாங்க என் பங்கை எக்ஸ்சேஞ்சில் போடுகிறேன். அக்காவிடம் சொல்லாதே, அவள் கணக்கில் அது முறுக்குக்கும் ஊறுகாய்க்கும் ஒதுக்கிய பணம்.

இப்படிக்கு,
உன் மாமன்