நகரத்தில் மட்டும் விழும் நிரல் எழுதுவது எப்படி?

திரியாயில் இருந்து நிரல் எழுதும் தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு மனக்குறை உண்டு. எழுதியது ஒழுங்காக ஓடிவிட்டால் திருகோணமலைக்குப் போக ஒரு சாட்டும் இல்லை. கீழே சொல்வதுபோலச் செய்யுங்கள். நிரல் உங்கள் மடிக்கணினியில் ஓடும், நகரத்துக் கடைக்காரர் முன்னால் விழும். குச்சவெளி, நிலாவெளி, உப்புவெளி என்று கடற்காற்று வாங்கிக்கொண்டு பஸ்ஸில் போய்வரலாம்.

முதலில் 32 பிட்டில் எழுதிப் பாருங்கள். 1999இல் பென்டியம் 3 உடன் இன்டெல் எஸ்எஸ்இ கட்டளைகளைக் கொண்டுவந்தது. நாலு தசம எண்களை 16 பைட் பதிவகம் ஒன்றில் போட்டு ஒரே அடியில் கூட்டலாம். அவற்றுள் மூவ்ஏபிஎஸ் என்றொரு கட்டளை, சரியான ஆசாரக்காரர். முகவரி 16ஆல் மீதியின்றி வகுபடாவிட்டால் தொடமாட்டார், நிரலை அங்கேயே நிறுத்திவிடுவார். பழைய 32 பிட் யுனிக்ஸ் ஒப்பந்தமோ ஸ்டாக் 4ஆல் வகுபட்டால் போதும் என்றது. ஜிசிசி கொம்பைலர் தன்பாட்டில் 16 என்று வைத்துக்கொண்டது. தான் தொகுத்ததைத் தானே கூப்பிடும்வரை சிக்கல் இல்லை. பழைய நூலகம் ஒன்று குறுக்கே வந்து கூப்பிட்டால் தொலைந்தது. இரண்டு பக்கமும் தத்தம் ஒப்பந்தத்தை நீட்டும், தீர்ப்புச் சொல்ல ஆளில்லை.

64 பிட்டில் ஒப்பந்தம் தெளிவாக இருப்பதால் கொஞ்சம் மினக்கெட வேண்டும். லினக்ஸில், இன்னொரு செயற்கூறை அழைக்கும் கணத்தில் ஸ்டாக் 16ஆல் வகுபட வேண்டும். அழைத்ததும் திரும்பும் முகவரிக்காக 8 பைட் ஏறும். அந்த 8ஐச் சரிக்கட்டாமல், கையால் எழுதிய அசெம்பிளியில் இருந்து பிரிண்ட்எஃப்ஐ அழையுங்கள். முழு எண் என்றால் பெரும்பாலும் தப்பிவிடும். ஏஎல் பதிவகத்தில் 0 இருக்கும், வெக்டர் பதிவகங்களில் ஒன்றும் வரவில்லை என்று அர்த்தம். தசம எண் கொடுத்தால் ஏஎல்லில் 1. உடனே பிரிண்ட்எஃப் எட்டு எக்ஸ்எம்எம் பதிவகங்களையும் ஸ்டாக்கில் பத்திரப்படுத்தப் பார்க்கும், அதுவும் வழக்கமாக மூவ்ஏபிஎஸ் கையால். ஆகவே வீட்டில் வெங்காய மூட்டைகளை எண்ணிச் சோதியுங்கள். விலையைச் சதத்தோடு அச்சிடுவதைக் கடைக்கு விட்டுவிடுங்கள்.

இடையில் பொழுது போகாவிட்டால் திரியாய் மலையேறி வட்டதாகே என்ற பழைய தூபி மண்டபத்தைப் பார்க்கலாம். தூபியைச் சுற்றிக் கல்தூண்கள் நிற்கும் ஒழுங்கைப் பார்த்து மனம் மட்டும் மாறிவிடக்கூடாது.

கடைக்காரரிடம் 64 பிட் விண்டோஸ் இருந்தால் அதிர்ஷ்டம். ஏவிஎக்ஸ் பதிவகம் 32 பைட், விண்டோஸ் ஒப்பந்தம் உறுதி தருவதோ 16 மட்டும். மிங்டபிள்யூ ஜிசிசி 32 என்று நம்பிக் கட்டளை போட்ட வழு 2012இல் பதிவாகிப் பல வருடம் திறந்தே கிடந்தது. 16ஆல் வகுபடும் முகவரிகளில் பாதி 32ஆலும் வகுபடும். அதனால் சிலவேளை ஓடும், சிலவேளை விழும். இதைவிட நல்ல பஸ் டிக்கெட் கிடையாது.

பிழை தேடுவதாகக் காட்ட, வேகப்படுத்தும் தெரிவுகளை நிறுத்திவிட்டுத் தொகுங்கள். வெக்டர் கட்டளைகள் பெரும்பாலும் காணாமற்போகும், பிழையும் கூடவே போகும். விழுந்த இடத்துக் கட்டளையையும், அது தொட்ட முகவரியின் கடைசிப் பதினறும இலக்கம் 0தானா என்பதையும் பார்க்கவே பார்க்காதீர்கள். எம்ஸ்டாக்ரீஅலைன் என்ற தெரிவு நுழைவிலேயே ஸ்டாக்கை நேராக்கிவிடும், அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவேண்டாம். கடைக்காரர் காரணம் கேட்டால், "கரண்ட் கூடிக் குறையுது அண்ணை" என்று சொல்லுங்கள். அவர் தன் ஃப்ரிட்ஜ் கதையைத் தொடங்கிவிடுவார்.