கிளைமாக்ஸும் பச்சைக் கொடியும்

தமிழ்ப் படங்களில் காதலர்கள் கடைசி ரீலில் ஒன்று சேரத் தென்னக ரயில்வேயின் தயவு வேண்டும். நாயகி மனம் உடைந்து ஊரைவிட்டுக் கிளம்புகிறாள் என்றால் பெரும்பாலும் ரயிலில்தான் கிளம்புவாள். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அதே நிமிடத்தில் ஊரின் மறுகோடியில் யாரோ ஒருவர் நாயகனிடம் உண்மையைப் போட்டு உடைப்பார். அவன் ஓடத் தொடங்குவான். சென்ட்ரலா எக்மோரா என்று குழம்பி நடுரோட்டில் நின்ற நாயகனை நான் இதுவரை பார்த்ததில்லை. எந்தப் பிளாட்பாரம் என்று விசாரித்தவனும் கிடையாது. பத்து ரூபாய் கொடுத்து பிளாட்பாரம் டிக்கெட் எடுத்தவன் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

இதையெல்லாம் கவனிக்கும் கெட்ட பழக்கம் எனக்கு என் தாய்மாமாவிடமிருந்து வந்தது. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் படம் ஓடும்போது பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். ரயில் சத்தம் கேட்டால்தான் தலையைத் தூக்குவார். அதற்குப் பிறகு அந்தக் காட்சியை யாரும் நிம்மதியாகப் பார்க்க முடியாது.

"மாப்ளே, இருபத்திரண்டு பெட்டி. பெட்டிக்கு இருபத்திரண்டு, இருபத்துமூணு மீட்டர். அரைக் கிலோமீட்டர் நீள வண்டியில இவன் எப்படிடா கரெக்டா அவ பெட்டி முன்னாடி வந்து நிக்கறான்?"

"அவதான் வாசல்ல நிக்கறாளே மாமா."

"ஆயிரம் பேர் ஏறின வண்டியில அவ ஒருத்திதான் வாசல்ல நிக்கறா. சமோசா விக்கறவன்கூட இல்லை, பாரு."

பார்த்தேன். இல்லைதான்.

மாமாவின் உண்மையான ஆத்திரம் செயின் இழுக்கும் காட்சியில்தான் வெளிப்படும். செயினை இழுத்ததும் படத்தில் வண்டி நிற்கும், இசை எழும், இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். நிஜத்தில் அதற்குப் பிறகுதான் வேலையே தொடங்குகிறதாம். எந்தப் பெட்டியில் இழுத்தார்கள் என்று கண்டுபிடிக்க கார்டு ஒரு பக்கத்திலிருந்தும் அசிஸ்டென்ட் டிரைவர் மறுபக்கத்திலிருந்தும் ஜல்லியில் கால் இடற நடந்து வர வேண்டும். பெட்டியின் வெளிப்பக்கம் இருக்கும் வால்வைப் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். பிரேக்கில் அழுத்தம் ஏறும் வரை காத்திருக்க வேண்டும். எதனால் நின்றது, எத்தனை நிமிடம் என்று எழுதிவைக்க வேண்டும். இதில் ஒரு பிரேமும் எந்தப் படத்திலும் வந்ததில்லை என்பது அவருடைய ஆயுட்காலக் குறை.

"1989 ரயில்வே சட்டம், 141ஆம் பிரிவு. நியாயமான, போதுமான காரணம் இல்லாம இழுத்தா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா ஆயிரம் ரூபாய் வரைக்கும் அபராதம், இல்லைன்னா ரெண்டும்."

"ஏங்க, காதல் போதுமான காரணம் இல்லையா?" என்று அத்தை கேட்டார்.

"அதை மாஜிஸ்ட்ரேட்கிட்ட கேளு."

அத்தையின் கட்சி வேறு. கடைசியில் சேர வேண்டும், அவ்வளவுதான். எப்படிச் சேர்ந்தார்கள் என்பது டைரக்டர் பாடு. இந்த இரண்டு கட்சிகளும் வருடக்கணக்கில் மோதிக்கொண்ட படம் ஒன்று உண்டு. அகத்தியனின் 'காதல் கோட்டை'. 1996இல் வந்தது. அகத்தியனுக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது கிடைத்தது. பிறகு இந்திக்கும் போனது. ரயிலில் தொலைந்த சான்றிதழ்களைக் கண்டெடுத்துத் தபாலில் அனுப்புகிறான் சூர்யா. நன்றி சொல்லி எழுதுகிறாள் கமலி. ஜெய்ப்பூரில் அவன், ஊட்டிப் பக்கம் அவள். முகம் பார்க்காமலே காதல் வளர்கிறது. பிறகு இருவரும் சென்னைக்கு வருகிறார்கள். அவன் ஆட்டோ ஓட்டுகிறான், அவள் எதிரே வருகிறாள், உரசிக்கொள்கிறார்கள், யார் யாரென்று தெரியாமலே பிரிகிறார்கள். கடைசியில் ரயில் நிலையத்தில், வண்டி கிளம்பும் தறுவாயில், தான் பின்னி அனுப்பிய ஸ்வெட்டர் அவன் உடம்பில் இருப்பதைப் பார்த்துவிடுகிறாள்.

"சென்னையில ஸ்வெட்டர்!" என்றார் மாமா. "எங்கேயாவது உண்டா? இவனை நம்பி யார் பொண்ணு கொடுப்பா?"

"அவ பின்னினது. அதனாலதான் போட்டிருக்கான். வேர்த்தாலும் போட்டுப்பான்," என்றார் அத்தை.

இந்த விஷயத்தில் நான் அத்தை கட்சி. ஸ்வெட்டர் அவன் மேல் இருந்தது அதிர்ஷ்டத்தால் அல்ல, காதலால். வெயிலில் வெந்துகொண்டு அதற்கான விலையை அவன் ஏற்கெனவே கொடுத்துவிட்டான். அவள் கண்ணில் பட்ட நேரம் மட்டும்தான் தற்செயல். அவ்வளவு சலுகையை ஒரு டைரக்டருக்குக் கொடுக்கலாம்.

என்னால் நம்ப முடியாதது அந்தப் படத்தின் நடுப்பகுதி. இரண்டு பேர் சென்னையில் திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிறார்கள், ஆனாலும் ஒருவரையொருவர் கண்டுபிடிக்கவில்லை என்பதை நான் எப்படி ஏற்பது? இது தமிழ்நாடு. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தால் அடுத்த சிக்னலுக்குள் "உங்களுக்கு எந்த ஊருங்க?" என்ற கேள்வி வந்துவிடும். அதற்கடுத்த சிக்னலில் "அங்கே யாரு வீடு?" என்பது வரும். இறங்குவதற்குள் டிரைவருடைய சகலையின் தம்பி நமக்குப் பள்ளியில் சீனியர் என்பது தெரிந்திருக்கும். இந்த விசாரணையில் தப்பி, மூன்று மணி நேரம் அடையாளம் தெரியாமல் இருப்பதுதான் உலக அதிசயம். சந்திப்பை நாம் தற்செயல் என்று சொல்லிச் சிரிக்கிறோம். சந்திக்காமல் போவதை மட்டும் 'விதி' என்று சொல்லிக் கைக்குட்டையை எடுத்துவிடுகிறோம்.

ஸ்ரீதர் இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார். 1959இல் வந்த 'கல்யாணப் பரிசு' படத்தில் ஜெமினி கணேசன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து சேரும்போது வசந்திக்கு வேறொருவரோடு தாலி ஏறிவிட்டது. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் கதையே வேறு. முகூர்த்தம் பார்த்து நடக்கும் கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்த்துத் தாமதமாக வந்தவர் அவர் ஒருவர்தான். யாராவது 'அதெப்படி சரியாக அந்த நேரத்தில்' என்று கேட்டார்களா? தமிழ்நாடே அழுதது. அதே ஜெமினி கொஞ்சம் முன்னால் வந்து தாலியைத் தடுத்திருந்தால், 'சினிமாத்தனம்' என்றிருப்போம். அழவைக்கும் தற்செயலுக்கு நம்மிடம் வரி கிடையாது.

ஆஸ்பத்திரிப் படங்களிலும் இதே கதைதான். 'பாலும் பழமும்' படத்தில் ரயில் விபத்தில் இறந்துபோனதாக எல்லோரும் நம்பிய சரோஜாதேவி உயிரோடு திரும்பி, பார்வை இழந்த சிவாஜிக்கே வேறு பெயரில் நர்ஸாக வருகிறார். ரயில்வே இங்கேயும் விடவில்லை, பாருங்கள். 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தில் கணவனை ஆபரேஷனுக்குச் சேர்க்கும் தேவிகா நிமிர்ந்து பார்த்தால் டாக்டராக நிற்பவர் பழைய காதலர். மாநிலத்தில் வேறு ஆஸ்பத்திரியே இல்லையா என்று நாம் கேட்கவில்லை. காரணம் எளியது. கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. தொடக்கத்தில் எதை வேண்டுமானாலும் கொடுங்கள், வாங்கிக்கொள்வோம்.

இதற்குத் தொல்காப்பியரே சாட்சி. களவியலில் தலைவனும் தலைவியும் முதன்முதலில் எதிர்ப்படுவது ஊழின் ஆணையால் என்று அவர் சொல்லிவிட்டார். அந்த ஒரு தற்செயலுக்கு அனுமதி உண்டு. அதற்குப் பிறகு ஊழ் ஒதுங்கிக்கொள்கிறது. பாங்கன் போய்ப் பார்த்து வர வேண்டும், தோழியைக் கெஞ்ச வேண்டும், பகலில் எங்கே இரவில் எங்கே என்று இடம் குறிக்க வேண்டும். அப்படிக் குறித்தும் தப்பிப்போனால் அதற்கும் 'அல்லகுறி' என்று துறை வைத்திருக்கிறார்கள். காற்றோ பறவையோ எழுப்பிய ஓசையைத் தலைவன் செய்த அடையாளம் என்று எண்ணித் தலைவி வெளியே வந்து ஏமாந்து திரும்புவாள். பிறகு அவன் உண்மையிலேயே வரும்போது இவள் உள்ளே படுத்துக்கொண்டு நம்பமாட்டாள். எத்தனை நியாயமான குழப்பம்! இதில் சமோசாக்காரர் காணாமல் போக வேண்டிய அவசியமே இல்லை.

தற்செயலே உலகில் கிடையாது என்று நான் வாதாட வரவில்லை. கேம்பிரிட்ஜில் நம் இராமானுஜனோடு இருந்த கணித மேதை லிட்டில்வுட்டின் பெயரில் ஒரு கணக்கு வழங்குகிறது. கவனத்தோடு இருக்கும் நேரத்தில் நொடிக்கு ஒரு சம்பவம், நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், 35 நாளில் பத்து லட்சம் சம்பவங்கள் ஆகிவிடும். ஆகவே பத்து லட்சத்தில் ஒன்று என்று வியக்கும்படியான அதிசயம் ஒவ்வொருவருக்கும் மாதத்துக்கு ஒன்று கட்டாயம் உண்டு. எனக்கும் தவறாமல் வருகிறது. கொடைக்கானல் படகுத் துறையில், கண்ணில் படாமல் நான் ஒளிந்து திரிந்த இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் எனக்கு முன்னால் டிக்கெட் வாங்கிக்கொண்டு நின்றார். ஒரே படகில்தான் போனோம். ஏரியின் நடுவில் பாலிசியை விளக்கினார். பின்னணி இசை எதுவும் இல்லை.

இதற்கிடையில் செல்போன் வந்து இயக்குநர்கள் வயிற்றில் அடித்துவிட்டது. இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று போனது. 'காதல் கோட்டை' அடுத்த வருடம் வந்தது. கொஞ்சம் தாமதித்திருந்தால் ஒரு மிஸ்டு காலில் படம் முடிந்திருக்கும். இப்போது திரைக்கதை எழுதுகிறவருக்கு முதல் வேலை, போனைக் கொல்வது. சார்ஜ் போகும், தண்ணீரில் விழும், வில்லன் பிடுங்குவான், கோபத்தில் நாயகியே சுவரில் எறிவாள். '96' எடுத்த பிரேம்குமார் புத்திசாலி. 2018இல் படம் எடுத்தாலும், ராமும் ஜானுவும் ஒருவரையொருவர் தவறவிட்டதையெல்லாம் செல்போன் பரவாத காலத்தில் வைத்துவிட்டார். கடைசியில் ஏர்போர்ட்டில் யாரையும் ஓடவும் விடவில்லை. டிக்கெட் இல்லாமல் ஓடினால் துப்பாக்கியோடு நிற்பவர் வாசலிலேயே மடக்கிவிடுவார் என்பது வேறு விஷயம். பஸ்ஸும் கைவிட்டுவிட்டது. கோயம்பேட்டுக்கு மூச்சு வாங்க ஓடிவரும் நாயகனிடம், "தம்பி, அந்த பஸ் இப்ப கிளாம்பாக்கத்துலேருந்து" என்று சொன்னால் படம் அங்கேயே முடிந்தது.

மாமா வாயடைத்துப்போன படம் ஒன்றே ஒன்று. பாலாஜி சக்திவேலின் 'காதல்', 2004. பல வருடம் கழித்து, கணவனோடும் குழந்தையோடும் போகிறவள் சிக்னலில் பழைய காதலனைப் பார்க்கிறாள். மனம் பேதலித்துத் தெருவில் திரிகிறான். "இத்தனை ரோடு இருக்க, அவ வண்டி நிக்கற சிக்னல்லதானா?" என்று மாமா தொடங்கினார். ரயில் பயணத்தில் ஒருவர் சொன்ன உண்மைக் கதையிலிருந்து எடுத்த படம் அது என்றேன். பேப்பரை மடித்து வைத்தார்.

"எந்த வண்டியில?" என்றார்.

அன்று அத்தைக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஏங்க, முப்பது வருஷத்துக்கு மேல கார்டா இருந்தீங்களே, ஒருத்தன்கூடவா நிஜமா பிளாட்பாரத்துல அப்படி ஓடி வரலை?"

"நிறைய பேர் ஓடி வந்திருக்காங்க. வீட்டுச் சாவியைக் கொடுக்க மறந்தவன், பிளாஸ்க்கைத் தூக்கிட்டு வந்தவன். மாமியாரோட பல்செட்டைக் கையில வச்சுக்கிட்டு ஒருத்தன் ஓடி வந்தான். பாவம், அந்தம்மா ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் என்ன சாப்பிடும்?"

"அதைக் கேக்கலை."

மாமா கொஞ்சம் யோசித்தார். "விழுப்புரத்துல ஒருத்தன் வந்தான். கையில ஒண்ணும் இல்லை. ஜன்னல் ஜன்னலா எட்டிப் பார்த்துக்கிட்டே வந்தான். உள்ளேயிருந்து ஒரு பொண்ணு கையை நீட்டினா."

"அய்யோ! அப்புறம்?"

"அப்புறம் என்ன? ஸ்டார்ட்டர் சிக்னல் விழுந்துடுச்சு. கொடியைக் காட்டிட்டேன்."

அத்தை ரிமோட்டை எடுத்து டி.வி.யை அணைத்தார். மாமாவுக்கு அன்று மாலை காபி வரவில்லை. நான்தான் போட்டேன்.