கார்பைட் கல்லுக்கு வாழ்த்து

கார்பைட் கல்லே, உன் வேகத்துக்கு ஈடே கிடையாது. வைக்கோலில் மூடிய மாங்காய் பழுக்க ஒரு வாரம் ஆகும். நீயோ காகிதப் பொட்டலமாகக் கூடைக்குள் புகுந்து, ஈரம் பட்டதும் அசிட்டிலீன் வாயுவாகக் கிளம்பி, இரண்டே நாளில் கூடை மொத்தத்தையும் மஞ்சளாக்கிவிடுகிறாய். வெல்டிங் பட்டறையில் இரும்பை ஒட்டவைக்கும் உழைப்பாளி, மாம்பழத்துக்காகவும் இப்படிப் பாடுபடுகிறாய்.

உன்னிடம் பேதம் இல்லை. தண்ணீரில் போட்டால் முற்றிய காய் மூழ்கும், இளங்காய் மிதக்கும் என்று தரம் பிரிப்பார்கள். உனக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டுக்கும் ஒரே நிறம் பூசுவாய். ஒரு சொட்டுச் சாற்றில் சர்க்கரையின் அளவைச் சொல்லும் ரிஃப்ராக்டோமீட்டருக்கும் உன் கூடையருகே வேலையில்லை. காம்படியில் முகர்ந்து, "இன்னும் ரெண்டு நாள் போகட்டும்" என்பாள் என் அம்மா. அந்த மூக்குக்கும் நீ ஓய்வு கொடுத்துவிட்டாய்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பழுக்கவைத்த பங்கனப்பள்ளி ஒன்றை அறுத்தேன். தோலில் ஒரு புள்ளி இல்லை, அப்படியொரு மஞ்சள். கத்தி உள்ளே இறங்கும்போது 'கரக்' என்றது. கொட்டையை ஒட்டிய சதை வெளிறிக் கிடந்தது. ஐந்து வயதுப் பேத்தி ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "இது மாங்காய் தாத்தா" என்று தட்டிலேயே வைத்துவிட்டாள்.

நீ வெறுங்கையோடு வருகிறவனும் அல்ல. தொழிற்சாலைக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் சேர்மங்களின் சுவடும் கூடவே வரும். பழத்துக்கு மட்டும் காசு கொடுத்த, குழந்தை இருக்கும் வீட்டுக்கு அதையும் சேர்த்துக் கொடுக்கிற வள்ளல் நீ.

விசுவாசத்திலும் உன்னை மிஞ்ச ஆளில்லை. பழம் பழுக்கவைக்க உன்னைத் தொடக்கூடாது என்று சட்டம் சொல்லிப் பல காலமாயிற்று. பழம் தானே சுரக்கிற எத்திலீன் வாயுவை, பத்து லட்சத்தில் நூறு பங்கு வரை அறையில் செலுத்திப் பழுக்கவைக்கலாம் என்று 2016-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வழியும் காட்டியது. அப்படியும் நீ பழகிய இடத்தை மறக்கவில்லை. கூடையின் அடியில் பொட்டலமாகவே படுத்திருக்கிறாய்.

முந்தாநாள் முற்றிய காயாகப் பார்த்து ஆறு வாங்கி அரிசி டிரம்மில் புதைத்தேன். பேத்தி பள்ளிவிட்டு வந்ததும் மூடியைத் திறந்து, ஒவ்வொன்றின் காம்படியிலும் மூக்கை வைத்துப் பார்க்கிறாள்.